பேஸ்மென்ட்ட முடிக்கப் போறீங்களா? ஓதம், பூசணம் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலத்துக்குக் கீழ இருக்கிற அறைய வெறும் கான்கிரீட்டா விட்டு வைக்காம, சுவருக்கு ஜிப்சம் போர்டு அடிச்சு, தரை போட்டு, ஆள் பொழங்குற மாதிரி பண்ணணும்னு நெனைக்கிறவங்க என்கிட்ட கேட்ட கேள்விகள எல்லாம் இங்க ஒண்ணா சேத்து வச்சிருக்கேன். நான் இத தொழிலா பண்றவன் இல்ல. எங்க பேஸ்மென்ட்ட ஒரு தடவ ஆசை ஆசையா முடிச்சோம், ரெண்டாவது மழைக்காலத்துலயே ஒரு முக்கல் வாடை வந்துச்சு, எங்கேருந்து வருதுன்னு தேடி கடைசியா ஒரு போர்ட பிரிச்சுப் பாத்தா பின்பக்கம் முழுக்க கறுப்பா பூசணம் படர்ந்து கெடக்குது. எல்லாத்தையும் பிச்சு வெளிய போட்டுட்டு மறுபடி முதல்லேருந்து பண்ணினோம். அப்ப படிச்சது, விசாரிச்சது, கையால செஞ்சு பாத்ததுதான் கீழ இருக்கிறதெல்லாம்.

மேல இருக்கிற ரூம்ல எதுவும் இல்ல, பேஸ்மென்ட்ல மட்டும் ஏன் இவ்வளவு ஈரம்?

மேல இருக்கிற சுவருக்கு ரெண்டு பக்கமும் காத்து, மழையில நனைஞ்சாலும் ரெண்டு பக்கமும் காஞ்சிடும். பேஸ்மென்ட் சுவருக்கு ஒரு பக்கம் மண்ணு, அந்த மண்ணு வருஷம் பூரா ஈரமாவே இருக்கும், அதனால சுவர் காயறதுன்னா உள்பக்கமா மட்டும்தான் காய முடியும். இத மனசுல வச்சுக்கோங்க, கீழ நான் சொல்ற பாதி விஷயம் இதுலேருந்துதான் வருது.

ஈரம் வர்ற வழி நாலு. மழைத் தண்ணியோ நிலத்தடி நீரோ விரிசல் வழியா, சுவரும் தரையும் சேர்ற மூலை வழியா நேரா உள்ள வரும், இது கண்ணுக்குத் தெரியும். ரெண்டாவது, கான்கிரீட் ஒரு பஞ்சு மாதிரி, அதுல இருக்கிற நுண்ணிய துளை வழியா மண்ணோட ஈரத்த உறிஞ்சி மேல இழுக்கும், இததான் ஓதம் ஏறுதுன்னு சொல்றோம். மூணாவது, தண்ணி ஆவியாவே கான்கிரீட்ட ஊடுருவி உள்ள வந்து சேரும், சுவர தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும் ஆனா ஈரம் வந்துகிட்டேதான் இருக்கும். நாலாவதுதான் நெறைய பேர் கணக்குலயே எடுத்துக்காதது, ரூம் காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்த சுவர்ல பட்டு வேர்க்கிறது.

சுவர் வேர்க்கிறதா? தண்ணி எதுவும் கசியலயே?

கசியவே வேணாம். குளிர்ந்த தண்ணி ஊத்துன டம்ளருக்கு வெளிப்பக்கம் முத்து முத்தா தண்ணி நிக்கும்ல, அதேதான். 28 டிகிரி காத்துல ஈரப்பதம் 70% இருந்தா, 22 டிகிரியோ அதுக்குக் கீழயோ இருக்கிற எந்த இடத்துல அந்தக் காத்து பட்டாலும் தண்ணியா மாறிடும். குளிர் ஊர்கள்ல, மண்ணுக்குள்ள இருக்கிற சுவர் வெளியில வெயில் அடிக்கும்போதும் 20 டிகிரிக்குள்ள இருக்கிறது ரொம்ப சாதாரணம்.

இன்னொரு விஷயம், பூசணம் வர தண்ணி சொட்டா நிக்கணும்னு கூட அவசியம் இல்ல, ஒரு பொருளோட மேற்பரப்ப ஒட்டி இருக்கிற காத்துல ஈரப்பதம் 80% கிட்ட தொடர்ந்து இருந்தாலே போதும், வளர ஆரம்பிச்சிடும். 25 டிகிரில 60% ஈரப்பதம் உள்ள காத்து, கேக்க நல்லாத்தான் இருக்கு, அதே காத்து 20 டிகிரி சுவர ஒட்டி நிக்கும்போது அந்த எடத்துல 80% தாண்டிடும். ரூம் நடுவுல வச்ச ஈரப்பத மீட்டர் 60 காட்டுதேன்னு நிம்மதியா இருக்கும்போதே சோஃபாவுக்குப் பின்னாடி பூசணம் வர்றது இப்படித்தான்.

என் சுவர்ல வர்ற ஈரம் வெளியிலேருந்து வருதா, உள்காத்துலேருந்து வருதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

செலவே இல்லாத ஒரு வழி இருக்கு. ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி பிளாஸ்டிக் ஷீட்டோ அலுமினியம் ஃபாயிலோ எடுத்து, சுவர துணியால தொடச்சு காய விட்டு, நாலு ஓரமும் காத்து புகாத மாதிரி டேப் போட்டு ஒட்டுங்க. ஒரு நாள் ரெண்டு நாள் விட்டுட்டு பாருங்க. ரூம் பக்கம் இருக்கிற மேல்பரப்பு நனைஞ்சிருந்தா அது உள்காத்தோட ஈரம், பிரிச்சா பின்பக்கம் நனைஞ்சிருந்தா இல்ல கான்கிரீட் அந்த எடத்துல மட்டும் கருத்திருந்தா அது சுவர் வழியா வர்ற ஈரம். ரெண்டு பக்கமும் நனைஞ்சா ரெண்டும் இருக்கு. தரையிலயும் இதே மாதிரி ஒட்டிப் பாருங்க, ஒரு எடத்துல மட்டும் பாக்காதீங்க, நாலஞ்சு எடத்துல, முக்கியமா மூலைகள்ல. வெயில் காலத்துல ஒட்டிப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, நல்ல மழை பேஞ்சு ஓஞ்ச பிறகு திரும்பவும் ஒட்டுங்க. நாங்க முதல் தடவ பண்ணின பெரிய தப்பு இதுதான், காஞ்ச மாசத்துல பாத்துட்டு வேலைய ஆரம்பிச்சிட்டோம்.

சுவர்ல வெள்ளையா பொடி பொடியா இருக்கு, அது பூசணமா?

பெரும்பாலும் இல்ல, அது உப்பு பூத்தது. கான்கிரீட்டுக்குள்ள போற தண்ணி அங்க இருக்கிற உப்ப கரைச்சு எடுத்துகிட்டு வெளிய வந்து ஆவியாயிடும், உப்பு மட்டும் மேல தங்கிடும். விரல்ல எடுத்து நசுக்குங்க, மணல் மணலா உதிரும், கொஞ்சம் தண்ணி தெளிச்சா பெரும்பாலும் கரைஞ்சிடும், பூசணம் கரையாது, வழவழன்னு இழுவும். அதோட பூசணத்துக்கு திங்க ஏதாவது வேணும், மரம், பேப்பர், துணி, தூசி இப்படி, வெறும் கான்கிரீட்ல அதுக்கு சாப்பாடு கம்மி. உப்பால ஆளுக்கு கெடுதல் இல்ல, ஆனா அந்த எடத்துல தண்ணி நடமாட்டம் இருக்குன்னு சுவரே எழுதிக் காட்டுது, அத சுரண்டிட்டு பெயின்ட் அடிச்சு மறைக்காதீங்க.

சரி, வேலைய எங்க ஆரம்பிக்கணும்?

வீட்டுக்கு வெளியில. எல்லாரும் போர்டு, இன்சுலேஷன் (சூடும் குளிரும் கடக்காம தடுக்கிற அடுக்கு), டைல்ஸ் கலர்னு உள்ளேருந்துதான் ஆரம்பிக்கிறாங்க, நான் கெஞ்சிக் கேக்கிறேன், முதல்ல ஒரு பெரு மழை பெய்யும்போது குடையப் புடிச்சுகிட்டு வீட்ட ஒரு சுத்து சுத்தி வாங்க. தண்ணி எங்கேருந்து விழுது, எங்க தேங்குது, எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க.

100 சதுர மீட்டர் கூரையில 10 மிமீ மழை பேஞ்சா அது 1000 லிட்டர் தண்ணி. அந்த ஆயிரம் லிட்டரும் கூரைலேருந்து எறங்கற குழாய் வழியா அஸ்திவாரத்துக்குப் பக்கத்துலயே கொட்டுச்சுன்னா, உள்ள நீங்க என்ன பூசினாலும் அது தாங்காது. அதனால கூரைக் குழாயோட வாய நீட்டி சுவர்லேருந்து குறைஞ்சது 2 மீட்டர் தள்ளி விடுங்க, இன்னும் தள்ளிப் போனா இன்னும் நல்லது. கூரை ஓரத்து வாய்க்கால்ல சருகு அடைச்சா தண்ணி வழிஞ்சு சுவரோரமாதான் விழும், அதையும் சுத்தம் பண்ணி வைங்க. அடுத்தது மண்ணோட வாட்டம், சுவர்லேருந்து வெளிப்பக்கமா முதல் 3 மீட்டருக்கு 15 செமீ இறக்கம் இருக்கணும். வீடு கட்டி சில வருஷத்துல சுவரோர மண்ணு அமுங்கி வாட்டம் வீட்டுப் பக்கமா திரும்பிடும், இத யாரும் கவனிக்கறதே இல்ல. களிமண் கலந்த மண்ண கொட்டி திம்சு போட்டு வாட்டத்த சரி பண்ணிடலாம், நாள் முழுக்க ரெண்டு பேர் வேலை செஞ்சா முடிஞ்சிடும். சுவரோரமா தினம் தண்ணி ஊத்துற செடி இருந்தா தள்ளி வைங்க. பேஸ்மென்ட் ஜன்னலுக்கு வெளியில குழி இருந்தா அதுக்கு அடியில ஜல்லி போட்டு தண்ணி வடிய வழி இருக்கான்னு பாருங்க.

எனக்குத் தெரிஞ்சு, பேஸ்மென்ட்ல தண்ணி வருதுன்னு சொன்ன நெறைய வீட்டுல இது மட்டுமே போதுமா இருந்துச்சு.

உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சா போதாதா?

தண்ணி வெளியிலேருந்து அழுத்தும்போது உள்ள அடிச்ச பெயின்ட அது தள்ளும், கொப்புளம் கொப்புளமா கிளம்பி உரிஞ்சிடும். லேசான ஓதத்துக்கு வேணா கொஞ்ச நாள் தாக்குப் புடிக்கும். கான்கிரீட்டோட துளைக்குள்ளயே போய் படிகமா வளர்ந்து அடைக்கிற சிமென்ட் வகைப் பூச்சு இருக்கு, அது உள்பக்கத்துலேருந்து பூசினாலும் வேலை செய்யும், ஆனா வெறும் கான்கிரீட் மேலதான் பூசணும், பழைய பெயின்ட் மேல பூசினா ஒட்டாது. எது பூசினாலும் அது கடைசி அரண்தான், முதல் அரண் வெளியில இருக்கு.

விரிசல் இருக்கு, என்ன பண்றது?

முதல்ல அது அசையுதான்னு பாருங்க, ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி சில மாசம் கழிச்சு பாருங்க. அசையாத, ஈரம் இல்லாத விரிசல்னா எப்பாக்ஸிங்கிற கெட்டிப் பசைய செலுத்தினா சுவர் திரும்ப ஒட்டிக்கும். தண்ணி வர்ற விரிசலுக்கு பாலியூரித்தேன், அது தண்ணி பட்டா பொங்கி அடைக்கும், கொஞ்சம் நெகிழ்ந்தும் குடுக்கும். கிடைமட்டமா சுவர் நடுவுல நீளமா ஓடுற விரிசல், இல்ல சுவர் உள்பக்கமா உப்பியிருக்கு, இந்த ரெண்டுல எது இருந்தாலும் எதையும் பூசாதீங்க, கட்டமைப்பு இன்ஜினியர கூப்பிடுங்க.

எங்க ஏரியால நிலத்தடி நீர் மட்டமே ஒசரம். வாட்டம், குழாய் எல்லாம் சரி பண்ணியும் தண்ணி வருது.

அப்ப தண்ணிய தடுத்து ஜெயிக்க முடியாது, வர்ற தண்ணிக்கு ஒரு வழி பண்ணிக் குடுக்கணும். தரையோட ஓரத்த சுத்தி வெட்டி, ஜல்லிக்குள்ள ஓட்டை போட்ட பைப் பதிச்சு, எல்லாத்தையும் ஒரு குழிக்கு கொண்டு வந்து, அங்க ஒரு தானியங்கி மோட்டார் வச்சு வெளிய தள்ளுறதுதான் வழி. வெளிய தள்ளின தண்ணி திரும்ப உள்ள எறங்காம இருக்க லைன்ல நான்-ரிட்டர்ன் வால்வ் வேணும், குழிக்கு காத்து புகாத மூடி வேணும், இல்லன்னா அந்தக் குழியே ரூமுக்கு ஈரத்த ஊட்டிகிட்டு இருக்கும். ரொம்ப முக்கியம் பேட்டரி பேக்கப், பேய் மழை பெய்யும்போதுதான் கரன்ட்டும் போகும், அன்னிக்குதான் மோட்டார் ஓடணும். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது குழியில ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி அது தானா ஆன் ஆகுதான்னு பாத்துக்கோங்க.

புது வீடு, எந்தக் கசிவும் இல்ல. உடனே ஆரம்பிக்கலாமா?

வேணாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் கலக்க சுமார் 150லேருந்து 200 லிட்டர் தண்ணி ஊத்தியிருப்பாங்க, அதுல ஒரு பகுதிதான் சிமென்ட் இறுக செலவாகும், மிச்சம் உள்ளயே இருந்து மெதுவா வெளிய வரணும். பொதுவா சொல்ற கணக்கு 25 மிமீ கனத்துக்கு ஒரு மாசம், அதாவது 100 மிமீ தரைக்கு நாலு மாசம், அதுவும் ரூம் காத்து காஞ்சு இருந்தாதான். ஒரு முழு மழைக்காலம் போகட்டும், அதுவரைக்கும் வெறும் சுவரா விட்டு வைங்க. சுவர் என்ன பண்ணுதுன்னு கண்ணால பாத்த பிறகு மூடுறதுக்கும், பாக்காம மூடுறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

இன்சுலேஷனுக்கு கிளாஸ் ஊல் (கண்ணாடி இழைப் பஞ்சு) போடலாம்ல? எல்லாரும் அதான் போடுறாங்க.

கான்கிரீட்ட ஒட்டி கிளாஸ் ஊல் போடாதீங்க, தயவு செஞ்சு. எங்க முதல் சுவர் அப்படித்தான் போச்சு. ரூம் காத்து கிளாஸ் ஊலுக்குள்ள சுலபமா நுழைஞ்சு போகும், அந்தப் பக்கம் சில்லுன்னு இருக்கிற கான்கிரீட்ல பட்டு வேர்க்கும், அந்தத் தண்ணிய ஊல் புடிச்சு வச்சுக்கும், மரச் சட்டமும் போர்டோட பேப்பரும் அத குடிச்சுகிட்டே இருக்கும். வெளியிலேருந்து பாத்தா சுவர் அவ்வளவு அழகா இருக்கும், உள்ள அழுகிகிட்டு இருக்கும்.

அதுக்குப் பதிலா காத்து ஊடுருவாத ஃபோம் பலகைய கான்கிரீட்ல நேரடியா ஒட்டுங்க. ரெண்டு வகை கெடைக்கும், தெர்மாகோல் வகையில அடர்த்தியான ஷீட் ஒண்ணு, எக்ஸ்பிஎஸ்னு சொல்ற கெட்டியான கலர் ஷீட் ஒண்ணு. ரெண்டுமே அழுகாது, பூசணத்துக்கு சாப்பாடு ஆகாது, ஈர ஆவிய கொஞ்சம் கொஞ்சமா உள்பக்கமா விடும், அதனால சுவர் மெதுவா காஞ்சுக்கும். 50 மிமீ கனம் நெறைய எடத்துக்கு சரியா வரும், கடும் குளிர் ஊருன்னா இன்னும் வேணும். ஒட்டும்போது சுவருக்கும் பலகைக்கும் நடுவுல காத்து ஓடுற இடைவெளி இருக்கக் கூடாது, சேர்ற எடத்துக்கெல்லாம் டேப், மேல கீழ ஓரத்துக்கு ஃபோம் ஸ்ப்ரே. கல்லு சுவர் மாதிரி மேடு பள்ளமா இருந்தா பலகை உக்காராது, அங்க கெட்டியான ஸ்ப்ரே ஃபோம் அடிக்கிறதுதான் நல்லது. சுவர் உச்சியில மேல் தளத்து மரக்கட்டைங்க வந்து உக்கார்ற எடம் இருந்தா அத மறந்துடாதீங்க, பெரும்பாலும் காத்து உள்ள வர்றதே அந்த எடத்துலேருந்துதான், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஃபோம் துண்டு வெட்டி வச்சு ஓரத்த அடைங்க.

போர்டுக்குப் பின்னாடி பாலித்தீன் ஷீட் போட்டா ஈரம் உள்ள வராதுல்ல?

உள்ள வராது, ஆனா வெளியவும் போகாது. பேஸ்மென்ட் சுவர் உள்பக்கமாதான் காய முடியும்னு மேல சொன்னேன்ல, அந்த ஒரே வாசலையும் நீங்க பூட்டிடறீங்க. ஈரம் பாலித்தீனுக்குப் பின்னாடி மாட்டிகிட்டு மரத்த அழுக வைக்கும். வினைல் வால்பேப்பரும் இதே வேலையத்தான் பண்ணும், அதுவும் வேணாம். சில ஊர் கட்டட விதிகள்ல ஆவித் தடுப்பு கட்டாயம்னு இருக்கும், அங்க அனுமதி குடுக்கிறவங்ககிட்ட ஃபோம் பலகைய காட்டி, அதையே தடுப்பா ஏத்துக்குவீங்களான்னு கேட்டுக்கோங்க.

ஃபோம் மேல நேரா பெயின்ட் அடிச்சு விட்டுடலாமா?

கூடாது, தீப்புடிச்சா ஃபோம் வேகமா எரியும், கடுமையா புகை கக்கும். 12.5 மிமீ ஜிப்சம் போர்டு அதுக்கு மேல இருந்தே ஆகணும்.

சட்டமும் போர்டும் எப்படி அடிக்கணும்?

இரும்பு சட்டம்னா பூசணத்துக்கு அங்க வேலையே இல்ல. மரம்னா, கான்கிரீட் தரைய தொடுற அடிக்கட்டை மட்டுமாவது மருந்து ஏத்தின மரமா இருக்கட்டும், அதுக்கு அடியில ஒரு மெல்லிய ஃபோம் பட்டைய விரிச்சுட்டு அதுமேல வைங்க, கான்கிரீட்டும் மரமும் நேரா தொட்டா ஓதம் ஏறிடும். ஜிப்சம் போர்டோட ரெண்டு பக்கமும் பேப்பர்தான், பூசணத்துக்கு அதவிட பிடிச்ச சாப்பாடு இல்ல, அதனால பேப்பர் இல்லாத, ஃபைபர் முகம் வச்ச போர்டு கெடைச்சா அதையே வாங்குங்க. போர்ட தரையில முட்ட வைக்காதீங்க, ஒரு 12 மிமீ தூக்கி அடிச்சு ஸ்கர்ட்டிங்க (சுவரோட அடியில ஓடுற பட்டைய) வச்சு மறைச்சிடுங்க, என்னிக்காவது தரையில கொஞ்சம் தண்ணி பரவினா போர்டு அத உறிஞ்சாது. பச்ச தண்ணி பைப் சுவருக்குள்ள போனா அதுவும் வேர்க்கும், ஃபோம் உறை மாட்டிட்டு மூடுங்க.

தரைக்கு என்ன போடலாம்? கார்பெட் ஆசையா இருக்கு.

சுவருக்கு சுவர் ஒட்டுற கார்பெட் மட்டும் வேணாம், கான்கிரீட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஈரமும் தூசியும் சேந்து, கால் வைக்கும்போது ஒண்ணும் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். எடுத்து வெயில்ல காயப் போடுற மாதிரி சின்ன விரிப்பு போட்டுக்கோங்க. டைல்ஸ் நல்லது. கிளிக் பண்ணி மாட்டுற வினைல் பலகையும் நல்லது, அது தண்ணியில கெடாது, ஆனா அடியில ஈரம் மாட்டிக்கும், அதனால தரைய சோதிச்சுட்டு போடுங்க. கால் சில்லுனு இருக்கக் கூடாதுன்னா, குமிழ் குமிழா எழும்பியிருக்கிற கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு வரும், அத முதல்ல விரிச்சு அதுக்கு மேல தரை போடலாம், அடியில ஒரு சின்ன காத்து இடைவெளி கெடைக்கும். நிஜ மரத் தரை பேஸ்மென்ட்டுக்கு ஆகாது, ஈரத்துல உப்பி எழும்பிக்கும்.

ஜன்னல திறந்து வச்சா காஞ்சிடும்னு சொல்றாங்களே?

வெளிக்காத்து காஞ்சிருந்தா காயும். புழுக்கமான நாள்ல திறந்தா நீங்களே ஈரத்த கூப்பிட்டு குளிர்ந்த சுவர்ல ஊத்துற மாதிரி ஆயிடும். பேஸ்மென்ட் நனையறதுல பாதி இந்த நல்லெண்ணத்தாலதான்.

அப்ப டிஹியூமிடிஃபையர் (காத்துல இருக்கிற ஈரத்த எடுக்கிற மெஷின்) வாங்கியே ஆகணுமா?

புழுக்கமான காலம் உள்ள எடத்துல ஆமா. ஈரப்பதம் 60% தாண்டாம, முடிஞ்சா 50% பக்கத்துலயே இருக்கிற மாதிரி செட் பண்ணுங்க. தண்ணி நிறையற டப்பாவ நம்பாதீங்க, நாலு நாள் ஊத்த மறந்தா மெஷின் நின்னுடும், ஒரு ஹோஸ் மாட்டி வடிகாலுக்கு நேரா விட்டுடுங்க. மீட்டர ரூம் நடுவுல வைக்காம குளிர்ந்த மூலையில தரைக்குப் பக்கமா வைங்க. ஆனா சுவர்லேருந்து தண்ணி வந்துகிட்டு இருக்கும்போது மெஷின் வாங்கி ஓட்டுறது ஓட்டைப் படகுல தண்ணி எறைக்கிற கதை.

கீழ பாத்ரூமும் வாஷிங் மெஷினும் வைக்கலாமா?

வைக்கலாம். எக்ஸாஸ்ட் ஃபேனும் துணி காய வைக்கிற டிரையரும் தள்ளுற காத்து கட்டாயம் வீட்டுக்கு வெளிய போகணும், ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள விட்டுடாதீங்க. கழிவு லைன்ல திரும்பி வராம தடுக்கிற வால்வ் இல்லன்னா, தெருச் சாக்கடை நிரம்பற அன்னிக்கு அது உங்க பேஸ்மென்ட் வழியாதான் மேல வரும்.

ஏற்கனவே பூசணம் வந்துடுச்சு. பிளீச்சிங் தெளிச்சா போகுமா?

கறுப்பு நிறம் போகும், பூசணம் போகாது. மரத்துலயும் போர்டுலயும் அது உள்ள வேர் விட்டிருக்கும், பிளீச்சோட தண்ணி மட்டும் உள்ள எறங்கி இன்னும் ஈரத்தக் குடுக்கும். செத்த பூசணத்தாலயும் மூக்கடைப்பு, அலர்ஜி, இளைப்பு வரும், அதனால கொல்றது பத்தாது, அப்புறப்படுத்தணும். போர்டு, கார்பெட், கிளாஸ் ஊல் இதெல்லாம் வெட்டி எடுத்து தடிமனான பையில கட்டி வெளிய போடுங்க. கான்கிரீட், இரும்பு, டைல்ஸ் இத சோப்புத் தண்ணியால தேய்ச்சு கழுவி நல்லா காய விடுங்க. என்95 மாஸ்க், கையுறை, ஓட்டை இல்லாத கண்ணாடி மூணும் போட்டுக்கோங்க. பிளீச்சயும் அமோனியா, ஆசிட் கலந்த கிளீனரயும் எப்பவும் ஒண்ணா சேக்காதீங்க, விஷ வாயு வரும். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்ற அளவு 10 சதுர அடி, அதுக்குள்ளன்னா நாமளே பண்ணலாம், அதுக்கு மேல போனாலோ வீட்டுல ஆஸ்துமா உள்ளவங்க இருந்தாலோ ஆள் வச்சு பண்ணுங்க.

எந்த வகை பூசணம்னு லேப்ல டெஸ்ட் பண்ணணுமா?

பெரும்பாலும் தேவையில்ல. கறுப்பா இருந்தா விஷம், பச்சையா இருந்தா பரவால்லன்னு எதுவும் கெடையாது. உலக சுகாதார அமைப்பு 2009ல இத பத்தி விரிவா ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு, அதுல கூட இத்தனை வரைக்கும் பூசணம் இருக்கலாம்னு எண்ணிக்கை எதுவும் குடுக்கல, ஓதத்தையும் பூசணத்தையும் வராம தடுக்கணும், குறைக்கணும்னுதான் சொல்லுது. அந்த டெஸ்ட் காச கூரைக் குழாய நீட்ட செலவு பண்ணுங்க.

வெள்ளம் வந்து நனைஞ்சிடுச்சு, எவ்வளவு நேரம் இருக்கு?

24லேருந்து 48 மணி நேரம். கரன்ட்ட ஆஃப் பண்ணிட்டுதான் எறங்கணும், தரை நனைஞ்சிருக்கும்போது ஃப்யூஸ் பாக்ஸ தொடாதீங்க. தண்ணிய எடுத்துட்டு, போர்டோட கீழ்ப் பகுதிய நனைஞ்ச மட்டத்துக்கு ஒரு அடி மேல வரைக்கும் வெட்டி எடுத்து, சட்டத்துக்குள்ள காத்து போக விடுங்க. சாக்கடைத் தண்ணின்னா நனைஞ்ச பஞ்சு, துணி, போர்டு எதையும் காப்பாத்தப் பாக்காதீங்க.

எல்லாம் மூடியாச்சு. சுவருக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு எப்படி தெரியும்?

மூடுறதுக்கு முன்னாடியே இத யோசிங்க. நாங்க ரெண்டாவது தடவ பண்ணும்போது, வடக்குப் பக்க மூலையில தரையோரமா ஒண்ணு, கூரைக் குழாய் எறங்கற எடத்துக்கு நேரா ஒண்ணு, ரெண்டு எடத்துல ஸ்க்ரூ போட்டுக் கழட்டுற மாதிரி சின்ன கதவு வச்சிட்டோம். பெரு மழை விட்ட மறுநாள் கழட்டி, ஃபோமுக்கும் கட்டைக்கும் நடுவுல கைய விட்டு தொட்டுப் பாப்பேன், மோந்து பாப்பேன். ஈரம் பாக்கிற ஊசி மீட்டர் வச்சு மரக்கட்டையில குத்தினா 16%க்குள்ள இருக்கணும், 20% பக்கம் போனா உடனே காரணத்த தேடணும். சோஃபா, அலமாரி எல்லாத்தையும் சுவர்லேருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கோம். மூணு மழைக்காலம் ஆச்சு, மீட்டர் 12, 13ன்னுதான் காட்டுது.